பந்தயமா, பயணமா?

நம் மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடத்துவது சில ஆண்டுகளாக வழக்கமாகி விட்டது. இவ்வாண்டும் அதைப் பற்றிய பேச்சுத் தொடங்கி விட்டது. கோப்பைக்குப் பணமும் ஒதுக்கியாயிற்று என்று கேள்விப்படுகிறேன். அந்தப் பந்தயத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. நிறுத்திவிட்டு வாளா இருக்கச் சொல்லவில்லை. அதே நாளில், அதே செலவில், அதைவிட நீண்ட சாலையில் வேறொன்று செய்யலாம் என்கிறேன். அது யாது என்பதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் பந்தயத்தின்மேல் எனக்குள்ள வழக்கை நண்பர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

‘தோற்றவன் பேசுகிறான்’ என்று சிலர் நகைக்கக் கூடும். சென்ற ஆண்டுப் பந்தயத்தில் நான் இரண்டாவதாக வந்தேன். பரிசாகக் கிடைத்த கைக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. ஆகவே அந்த நகைப்புக்கு இங்கே இடமில்லை.

கடந்த இரண்டு ஆண்டுகளில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் இன்று விடுதியிலிருந்து ஆய்வுக் கூடம் வரையிலேனும் சைக்கிளில் வருகிறவர் எத்தனை பேர்? என் கண்ணுக்குத் தெரிந்து மூவர். மற்றவர்களின் வண்டிகள் விடுதி மாடிப்படியின் கீழே காற்றிறங்கி, தூசு படிந்து கிடக்கின்றன. சென்ற ஆண்டு கடைசியாக வந்த நண்பர் ஒருவர் மறு வாரமே தம் வண்டியை விற்று விட்டார். இத்தனைக்கும், பந்தயத்துக்கு முன்னால் ஞாயிறுதோறும் விடியற்காலையில் தன்னந்தனியே சந்திரகிரி வரை போய், கோட்டை மதிலோரம் சற்று உட்கார்ந்திருந்து, வழியில் இட்டிலி தின்று திரும்புகிற பழக்கம் உடையவர் அவர். அவரை யாரும் ஏளனம் செய்யவில்லை, கைதட்டித்தான் வரவேற்றோம். ஆனால் தாம் மெதுவாக ஓட்டுகிறவர் என்பது அன்று வரை அவருக்குத் தெரியாது. தெரிந்தபின் ஞாயிற்றுக்கிழமை இன்பம் போய் விட்டது. ஒரு நல்ல சைக்கிள்காரரை நம் மன்றம் இழந்தது. அந்த இழப்பை நம் விழா அறிக்கையில் யாரும் எழுதவில்லை.

நாம் ஒவ்வொருவரும் சைக்கிள் கற்ற கதையை நினைத்துப் பார்ப்போம். இருக்கையில் ஏறினால் கால் எட்டாது. ஆகவே அப்பாவின் வண்டியையோ வாடகைக் கடை வண்டியையோ சாய்த்துப் பிடித்து, சட்டத்தின் நடுவே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தோம். முழங்கால் தேய்ந்தது, கணுக்கால் கிழிந்தது. அடுத்த நாளும் போனோம். அங்கே பரிசு உண்டா? நடுவர் உண்டா? விழாமல் பத்து முழம் போய்விட்டால் அதுவே பெரும்பேறு. இன்றைய சிறுவர்க்குச் சின்னஞ்சிறு வண்டிகள் வந்து விட்டமையால் குரங்குப் பெடல் அருகி வருகிறது. அதற்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. என் வலது கணுக்காலில் உள்ள வடுவே அதற்குச் சாட்சி.

பின்னர் நான் ஆரணியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழ்நாட்டு அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. அதைத்தான் திருப்பதிக்கும் கொண்டு வந்தேன். கனத்த இரும்பு வண்டி, இறக்கத்தில் முனகும், ஏற்றத்தில் நாம் முனக வேண்டும். என்னோடு அந்த வண்டியைப் பெற்ற வகுப்புத் தோழர்களில் பெரும்பாலோர் பள்ளி முடிந்ததும் அதைத் தம்பி தங்கையருக்குத் தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிளுக்குத் தாவி விட்டனர். அவர்களைக் குறை கூறேன். வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் பெரிது. என்றாலும், பதினாறு வயதில் ஓட்டியவன் இருபத்தாறிலும், நாற்பதிலும், அறுபதிலும் ஓட்ட வேண்டுமானால் அவனுக்குள்ளே எது இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. ஒரு நாள் ஓட்டத்துக்கு எந்தத் தூண்டுகோலும் போதும். முப்பது ஆண்டு ஓட்டத்துக்கு?

உளநூலார் இதை ஆராய்ந்திருக்கின்றனர். 1973-இல் அமெரிக்காவில், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினரிடம், ‘படம் வரைந்தால் நாடா கட்டிய நற்சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே கொடுத்தார்கள். சில நாள் கழித்து வண்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், எதையும் எதிர்பாராது வரைந்த குழந்தைகளைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தன. விளையாட்டு வேலையாகி விட்டது; கூலி நின்றதும் வேலையும் நின்றது. 1981-இல் எட்வர்டு டெசி என்பாரும் அவர் துணைவர்களும் போட்டியை வைத்தே ஒரு சோதனை செய்தனர். புதிர்க் கட்டைகளை அடுக்குகிற இருவரில், ‘அவரை நீ வெல்ல வேண்டும்’ என்று சொல்லப்பட்டவர்கள் சோதனை முடிந்தபின் கட்டைகளைத் திரும்பத் தொடுவது குறைவாக இருந்தது. ‘உன்னால் இயன்ற விரைவில் செய்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள் ஓய்வு நேரத்திலும் அவற்றோடு விளையாடிக் கொண்டிருந்தனர். புதிர்க் கட்டைக்கும் சைக்கிளுக்கும் தூரம் அதிகம்தான். எனினும் அந்த இரண்டாம் வகையினரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அவர்களிடம் பின்னர் வருவேன்.

என் சொந்தத் துறை பௌதிகம். அதிலிருந்தும் ஒரு சிறு கணக்கு. சமதளச் சாலையில் விரைந்து போகிற சைக்கிள்காரனுக்குப் பெரும் பகை காற்று. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க விரும்பினால், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்கு! இளைஞர்கள் மூச்சுத் திணறுவது இதனால்தான். ஆனால் இந்தக் கணக்கையே தலைகீழாகப் படித்தால் இனிக்கிறது. முப்பது வயதுக்குப் பின் மனித உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் பத்தாண்டுக்கு ஏறக்குறையப் பத்து விழுக்காடு குறைகிறது என்பர் உடலியலார். திறன் பத்து விழுக்காடு குறைந்தால் வேகம் எவ்வளவு குறையும்? காற்றை மட்டும் கணக்கில் கொண்டால் மூன்றரை விழுக்காடு அளவே. அதாவது, ஐந்து மணி நேரப் பயணம் பத்தாண்டு கழித்து ஐந்து மணி பத்து நிமிடமாகும். பயணம் போகிறவனுக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு தேநீருக்குப் போதாது. பந்தயம் போகிறவனுக்கோ அது முதலிடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரே உடல், ஒரே இழப்பு. ஒருவனுக்கு அது முடிவு. மற்றவனுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

1989-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் புகழ் பெற்ற தூர் பந்தயத்தில் 3,285 கிலோமீட்டர் ஓடி முடித்தபின், கிரெக் லெமாண்ட் என்னும் அமெரிக்கர் லாரன் ஃபிஞோனை வென்றது 8 நொடியால். ஃபிஞோன் அதற்கு முன் 1983-இலும் 1984-இலும் அதே பந்தயத்தில் வாகை சூடியவர். ஆயினும் உலகம் அவரை நினைப்பது அந்த 8 நொடியால்தான். இரண்டு வெற்றிகளை விழுங்கிவிட்டு ஒரு தோல்வியை மட்டும் வெளியே வைக்கும் அந்தத் தராசு நியாயமானதா?

அந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர் ஹென்றி டெகிராஞ் என்னும் பத்திரிகையாசிரியர். அவரே ஒரு வீரர்; 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். 1903-இல் அவர் நடத்திய முதல் தூர் பந்தயத்தில் புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். மறு ஆண்டே வஞ்சனை புகுந்தது; முதல் நான்கு இடங்களில் வந்த நால்வரையும் நீக்க வேண்டியதாயிற்று. வியப்பு என்னவென்றால், அதே 1904-இல் அதே மனிதர் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பிரான்சில் ஊன்றினார். இத்தாலியர் சிலர் 1897-இல் ரோமிலிருந்து நேப்பிள்சுக்கு ஒரே பகலில் கூடிச் சென்ற முன்மாதிரியைப் பின்பற்றி, ‘ஓடாக்ஸ்’ என்ற பெயரில் நெடும்பயணங்களை ஏற்படுத்தினார். அதில் முதல்வன் இல்லை, கடைசியானவன் இல்லை. குறித்த நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தவரெல்லாம் தேர்ந்தவர். பந்தயத்தின் தந்தையே பந்தயமில்லாப் பயணத்துக்கும் வித்திட்டவர்! 1921-இலிருந்து, கூட்டமாகத்தான் போக வேண்டும் என்ற கட்டும் தளர்ந்த இன்னொரு முறை பாரிஸ் கழகம் ஒன்றால் தோன்றியது. அவரவர் விருப்பமான வேகத்தில் போகலாம். இன்று உலகெங்கும் பரவியிருப்பது அம்முறையே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி. 300-க்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. இடையிடையே அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முடிவில் பெயர்கள் வருவது அகர வரிசையில். நம் நாட்டிலும் சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களிலிருந்து இவ்வகைப் பயணங்கள் நடைபெறுகின்றன.

பந்தயமும் பயணமும் ஒரே சாலையில் போட்டியிட்ட கதையும் உண்டு. பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்ச் சாலை அது. 1891-இல் அதில் நடந்த முதற்பந்தயத்தில் சார்ல் டெரோன் என்பவர் உறங்காமல் ஓட்டி, 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். பிரான்சே திரண்டு வந்து பார்த்ததாம். 1931 முதல் அதே சாலையில் சாதாரண மக்களுக்கான பயணமும் தொடங்கியது. கடைசிப் பந்தயம் 1951-இல். மோரிஸ் தியோ 38 மணி 55 நிமிடத்தில் வந்தார். அதற்குப் பின் பந்தயம் நடைபெறவே இல்லை. பயணமோ நிற்கவில்லை. 90 மணி நேரம் என்ற உச்ச வரம்போடு நான்காண்டுக்கு ஒரு முறை நடைபெற்று வருகிறது; 2023-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். அவர்களில் நூற்றுக் கணக்கான இந்தியர்களும் இருந்தனர். தலைசிறந்த வீரர்கள் வராமற்போனால் பந்தயம் செத்துவிடுகிறது. எழுத்தர்களும், ஆசிரியர்களும், ஓய்வு பெற்றவர்களும் உள்ளவரை பயணத்துக்குச் சாவில்லை.

இனி, எதிர்த்தரப்பாரின் நியாயத்தையும் மறைக்கலாகாது. ‘போட்டி இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் வளரும்’ என்பார் உளர். அவர்களுக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். ராபர்ட் மார்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரர் 1911-இல் பிறந்தவர். 67 வயதில் மீண்டும் சைக்கிளை ஊன்றிப் பிடித்தவர். நூறு வயதைக் கடந்தோர்க்கான ஒரு மணி நேர ஓட்டத்தில் 2012-இல் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 2014-இல் 26.927 கிலோமீட்டரும் சென்றார். அதாவது, 102 வயதில் தம் 100 வயதைத் தாமே வென்றார்! இடையில் அவர் உடலின் உயிர்வளி ஆற்றல் உயர்ந்திருந்ததை அறிவியலார் அளந்தும் காட்டினர். 2021-இல், 109 வயதில் மறைந்தார். இவரைத் தூண்டியது சாதனை வேட்கை அன்றோ? அன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் யாரோடு போட்டியிட்டார்? நூறு கடந்தோர் மைதானத்தில் அவருக்கு இணையாக ஓட ஆள் இல்லை. ‘இயன்ற விரைவில் செய்’ என்று சொல்லப்பட்டுப் புதிர்க் கட்டைகளோடு விளையாடிக் கொண்டேயிருந்தார்களே, அவர்களின் தமையன் இவர்.

புதுக்கோட்டைச் செய்தி இதைவிட என்னைச் சிந்திக்க வைக்கிறது. 1991-92-இல் அங்கே அறிவொளி இயக்கத்தார், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஆதரவோடு, நாட்டுப்புறப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றனர். அங்கே போட்டிகளும் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஊரார் முன்னிலையில் ஓட்டிக் காட்டத் துணிவு பிறக்க அவை உதவியிருக்கும். ஆனால் மறுநாள் அவள் சைக்கிளை எடுத்தது கோப்பைக்காகவா? தண்ணீர்க் குடத்தைக் கட்டிக் கொண்டு போகவும், பேருந்துக்குக் காத்திராமல் சந்தைக்குப் போகவும், பிறர் துணையின்றி நினைத்த இடம் சேரவும் எடுத்தாள். வாசலில் நிற்க வைத்து மாலை போடப் போட்டி நல்லது. வீட்டுக்குள் குடியிருக்க வேறொன்று வேண்டியிருக்கிறது.

பார்க்கிறவர்களுக்காகவே ஓட்டுவதும் நம்மூர்களில் உண்டு. ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, மூன்று நாள், ஐந்து நாள் என்று கீழே இறங்காமல் சைக்கிளிலேயே சுற்றி வருவாரே ஒரு வீரர், அவரை நம் பெற்றோர் தலைமுறையினர் எல்லாரும் கண்டிருப்பர். உண்பதும், பல் துலக்குவதும், தலையில் குடம் குடமாய் நீராடுவதும் வண்டிமேலேயே. ஊரார் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். என் தந்தையார் இதைச் சொல்லும்போது அவர் கண் விரியும். அந்த வீரர் பந்தயக்காரரா, இன்பத்துக்காக ஓட்டியவரா? இரண்டும் அல்லர், வயிற்றுக்காகச் சுற்றியவர். கடைசி நாள் கூட்டம் கலைந்தபின் அவர் எந்த ஊருக்குப் போனார், சைக்கிளில்தான் போனாரா என்று யாரும் கேட்டதில்லை.

இன்று அந்தப் பொட்டல் நம் சட்டைப் பைக்குள் வந்து விட்டது. ‘ஸ்ட்ராவா’ போன்ற கைப்பேசிச் செயலிகளைச் சொல்கிறேன். ஒருவர் தனியே பாகாலா மேட்டில் ஏறினாலும், அதே மேட்டில் முன்பு ஏறியவர்களின் நேரத்தோடு ஒப்பிட்டு, ‘நீ நாற்பத்து மூன்றாவது’ என்று வீடு சேர்ந்ததும் அது சொல்லி விடுகிறது. யாரும் பந்தயத்துக்கு அழைக்கவில்லை, இவரும் ஒப்பவில்லை, ஆனால் பந்தயம் நடந்து முடிந்துவிட்டது! நெடும்பயணக்காரர்களும் இந்த நோய்க்கு முற்றும் தப்பியவர் அல்லர். 200, 300, 400, 600 நான்கையும் ஓராண்டில் முடித்தால் ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டங்களை எண்ணிக் கொண்டு, வழியில் எந்த ஆற்றைக் கடந்தோம் என்பதே தெரியாமல் ஓடுவோர் அங்கும் இருக்கின்றனர்.

ஆறு என்றதும் என் யோசனைக்கு வந்து விடுகிறேன். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் இவை இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களாகப் பிரிந்தன, சாலை பிரியவில்லை. சித்தூரில் நீவா என்று பெயர் பெற்ற ஆறுதான் எல்லை தாண்டித் தமிழகத்தில் பொன்னை என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது என்பதை நம் மன்றத்தில் எத்தனை பேர் அறிவர்? அங்கிருந்து புறப்பட்டால் பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி. கோடைப் பருவமானால் இரு மருங்கும் மாந்தோப்புகள்; கூழ்த் தொழிற்சாலைகளின் முன்னே கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பிழைக்கவும் படிக்கவும் இங்கே வந்தவர்கள் நாம். பேருந்தில் உறங்கியபடியே இந்தச் சாலையைக் கடந்து, விடுதியறையில் உட்கார்ந்து ஊரை நினைத்து ஏங்குகிறோம். வந்து சேர்ந்த ஊரின் மண்ணை ஒரு முறையேனும் மிதித்து அறிய வேண்டாமா?

ஆண்டு விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அதிகாலைப் பேருந்தில் சித்தூர் செல்வோம். வண்டிகளை முந்திய மாலையே ஒரு சிறு லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். கோப்பைக்கு ஒதுக்கிய பணம் இதற்குத் தாராளமாகப் போதும். விடிந்து வழி தெரிந்ததும் புறப்படுவோம். நெடுஞ்சாலையில் லாரிகள் விரைவதால் இருட்டில் போவது கூடாது. திருப்பதி சேர ஆறு மணி நேரம் வரம்பு. அந்த நேரத்தில் முடிக்க மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் போதும்; என் இரும்பு வண்டியே போகும். பூதலப்பட்டிலும் பாகாலாவிலும் சந்திரகிரியிலும் அட்டையில் முத்திரை குத்த ஒவ்வொருவர் நிற்பார். கேலியாகத் தோன்றலாம், ஆனால் எங்கோ சேர வேண்டும் என்ற சிறு கட்டாயம் இல்லாவிட்டால் நாம் பாகாலாத் தேநீர்க் கடையிலேயே குடியேறி விடுவோம் என்பதை நண்பர்கள் அறிவர். மறு வாரம் மன்றப் பலகையில் பெயர்களை அகர வரிசையில் எழுதுவோம். நேரம் எழுத வேண்டாம்.

அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறித் திருமலைக்குச் செல்வோர் ஆயிரமாயிரவர் நம் கண் முன்னே நாள்தோறும் போகிறார்கள். மேலே சேர்ந்தவரிடம், ‘எத்தனை நிமிடத்தில் ஏறினீர்?’ என்று கேட்கும் வழக்கம் உண்டா? ‘முட்டி வலிக்கிறதா?’ என்றுதான் கேட்கிறோம்.

வண்டியை விற்றுவிட்ட நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். ‘நேரம் குறிக்க மாட்டீர்களே?’ என்று இரு முறை கேட்டார். அவருக்கு ஒரு வண்டி வேண்டும். உயரமானவர், இருபத்து நான்கு அங்குலச் சட்டம் இருந்தால் நலம். மாடிப்படியின் கீழே உறங்கும் வண்டிகளில் ஒன்றை இரவல் தர முன்வருவோர் மன்றச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் என்னிடம் இருக்கின்றன.